பத்தொன்பதரைப் பிரசவம்

தூத்துக்குடி பழைய துறைமுகத்துப் பக்கம் உப்பு லாரிகள் நிற்கும் டீக்கடையில் போன ஆனி மாதம் ஒரு செய்தி அடிபட்டது. ஊரிலுள்ள ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், பிள்ளை பெறுவதற்கென்றே ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்களாம். மருத்துவச்சி வேலை படிக்கும் பெண்கள் பழகிக்கொள்வதற்காக அவள் வருடந்தோறும் ஒன்று பெற்றுக் கொடுக்கிறாளாம்.

சொன்னவர் சங்கரபாண்டியன். குலசேகரன்பட்டினம் போகும் பஸ்ஸில் கண்டக்டர். பெஞ்சில் இருந்த ஒருவர், "பென்சன் உண்டாவே?" என்று கேட்டார்.

"அத நா விசாரிக்கல. ஆனா பேரு ரிஜிஸ்தர்ல இருக்கு. பாத்தவன் சொல்லுதான்."

"லீவு?"

"ஏலே, பிள்ள பெறதுக்கு மத்தவளுவளுக்கு லீவு குடுப்பாங்க. இவளுக்கு அதான வேலை? எதுக்கு லீவு?"

டீக்கடைச் செய்தியில் வழக்கமாக ரிஜிஸ்தர் வராது. வந்துவிட்டதால் விசாரிக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். சாமான் அறைக்குப் பொறுப்பு பவுல் என்பவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை. பீரோவைத் திறந்து, நீளமான புத்தகம் ஒன்றை எடுத்து, தூசியைத் தட்டி, பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'கற்பித்தல் சாதனங்கள்' என்ற தலைப்பின் கீழ் இப்படி இருந்தது: எலும்புக்கூடு, ஒன்று, இடது கை இல்லை. இடுப்பெலும்பு, ஒன்று. துணிக் குழந்தை தொப்புள்கொடியுடன், ஒன்று. கித்தேரியம்மாள், பெரியதாழை, ஒன்று. நிலைமை என்ற கட்டத்தில் 'நல்ல நிலையில்' என்று எழுதியிருந்தது.

"சம்பளமெல்லாம் கெடையாது அண்ணாச்சி," என்றார் பவுல். "பாலும் ரொட்டியுந்தான். பேஷண்டுன்னு எழுதுனா பத்து நாளைக்கு மேல கட்டில் குடுக்கக் கூடாது. சாமான்னு எழுதிட்டா எத்தன நாள் வேணும்னாலும் கெடக்கலாம்."

"எழுதியது யார்?"

"அற்புதமணி சிஸ்டர். அவங்க கையெழுத்துதான், பாருங்க. எலும்புக்கூட்டுக்குக் கை ஒடஞ்சதும் அவங்க எழுதுனதுதான்."

ஆக வதந்தி பாதி பொய், பாதி புத்தகத்திலேயே இருக்கிறது. கித்தேரியம்மாளைப் பற்றி விசாரிக்கப் போன இடத்திலெல்லாம் இன்னொரு பெயர் கூடவே வந்தது: ஜெபசெல்வி. நான் எழுத வந்தது அவளுடைய கதையைத்தான். அதில் ஒரு கணக்கு இன்னும் முடியாமல் இருக்கிறது.

ஜெபசெல்வி சாத்தான்குளத்துக்காரி. அப்பா செல்வதுரை கணக்கு வாத்தியார். 1973-ல் அந்த ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் படிப்புக்குச் சேர்ந்தாள். இரண்டு வருடப் படிப்பு. முடிவில், தன் கையால் இருபது பிரசவம் பார்த்ததாக ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்கிக் காட்ட வேண்டும். இருபதுக்கு ஒன்று குறைந்தாலும் ஆறு மாதம் கழித்துத்தான் அடுத்த பரீட்சை.

வகுப்பு எடுப்பவர் அற்புதமணி சிஸ்டர். பிரசவ வார்டிலும் அவர் ராஜாங்கம்தான். கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டுப் பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி என்று கரும்பலகையில் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, இங்கிலீஷில் பெயர் எழுதி நடத்துவார். பெண்கள் அழகாகப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். வார்டுக்கு வந்து உண்மையான வயிற்றில் கை வைத்ததும், அதில் அம்புக்குறி இல்லாததால் திகைத்து நிற்பார்கள்.

அந்தத் திகைப்பைத் தீர்த்து வைத்தவள்தான் நாலாம் கட்டிலில் கிடந்த கித்தேரியம்மாள். புருஷன் இஞ்ஞாசி, சங்கு எடுக்கக் கடலில் முங்குகிறவர். எட்டுப் பிள்ளைகளையும் அந்த ஆஸ்பத்திரியிலேயே பெற்றவள். எட்டையும் பிடித்தவர்கள் படிக்கும் பெண்கள்தான். பிரசவத்துக்கு மூன்று மாதம் முன்னாலேயே வந்து படுத்துவிடுவாள். வீட்டில் எட்டுப் பிள்ளைகள் இருக்கும்போது ஒரு கட்டில் முழுவதும் தனக்கென்று கிடைப்பது லேசான காரியமா?

"ஏளா செல்வி, கை ஐசு மாதிரி இருக்கு. போயி தேச்சிட்டு வா. உள்ள கெடக்கிற பிள்ள வெறச்சிப் போவும்," என்பாள். தேய்த்துக்கொண்டு வந்தால், "இப்போ இங்கன அமுக்கு. கெட்டியா உருண்டு நிக்கிதா? அது தல. அங்கன தடவு. பலக மாதிரி இருக்கா? முதுவு. இந்தப் பக்கம் எத்துதாம் பாரு, அது எங்க வீட்டுக்காரரு சாயலு," என்பாள். மூன்று வாரம் கரும்பலகையில் நடந்த பாடம் நாலு நிமிடத்தில் முடிந்துவிடும்.

நிமிடம் என்று எழுதிவிட்டேன். அங்கேதான் வம்பு இருந்தது. பிரசவ வார்டுக் கடிகாரம் நாலு பத்தில் நின்றிருந்தது. எந்த வருடத்து நாலு பத்து என்று யாருக்கும் தெரியாது. புதுக் கடிகாரம் கேட்டு எழுதிய கடிதம் மேலே போயிருக்கிறது என்றார்கள். வார்டில் ஓடுகிற ஒரே கடிகாரம் அற்புதமணி சிஸ்டரின் நெஞ்சில் குத்தியிருந்தது. சிஸ்டர் வெளியே போனால் நேரமும் கூடவே போய்விடும். ஆனால் வலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துக் குறிக்க வேண்டும். அதை வைத்துத்தான் பிரசவம் நெருங்கிவிட்டதா என்று தெரியும்.

இதற்கும் கித்தேரியம்மாள்தான் வழி சொன்னாள். இஞ்ஞாசி ஒரு மூச்சில் கடலுக்கடியில் எவ்வளவு நேரம் இருப்பாரோ அது ஒரு முங்கு. சுமாராக ஒரு நிமிடம் வரும். வலி வரும்போது நீயும் மூச்சைப் பிடி. மூச்சு தாங்காமல் போவதற்குள் வலி பாதியில் அடங்கினால் அரை முங்கு: போய் டீ குடிக்கலாம். முக்கால் முங்கு என்றால் வெந்நீர் போடு. முழு முங்கு என்றால் சிஸ்டரைக் கூப்பிடு. ஒன்றே கால் முங்கு என்றால் கூப்பிடாதே, கையை நீட்டு.

அதிலிருந்து வார்டு அடங்கிப் போயிற்று. கட்டிலில் ஒருத்தி வலியில் கத்திக்கொண்டிருப்பாள். சுற்றி ஐந்து பெண்கள் கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணைப் பிதுக்கிக்கொண்டு, சத்தம் இல்லாமல் நிற்பார்கள். பிள்ளை பெறுகிறவளைத் தவிர எல்லோருக்கும் மூச்சு முட்டும். காயல்பட்டினத்திலிருந்து மகளைக் கொண்டுவந்த சக்கீனா என்ற அம்மாள் இதைப் பார்த்துவிட்டு, "யா அல்லாஹ், பிள்ளக்கி என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் பேச்சு மூச்சில்லாம நிக்கிறாளுவ?" என்று அழுதாராம்.

நாலாம் கட்டிலிலிருந்து பதில் வந்தது: "ஒண்ணுமில்ல உம்மா. மணி பாக்குறாளுவ. ஏளா தேவகனி, மூக்கு வழியா திருடாத!"

தாளில் மட்டும் பெண்கள் முங்கை நிமிடமாக மாற்றி எழுதினார்கள். அற்புதமணி சிஸ்டர் அதைப் பார்த்து, இந்த வருடத்துப் பிள்ளைகள் நேரத்தை எவ்வளவு ஒழுங்காகக் குறிக்கிறார்கள் என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம், அப்படியானால் கடிகாரம் தேவையில்லை என்று முடிவு செய்தது.

ஆளுக்கு ஆள் மூச்சு வேறாயிற்றே என்று நீங்கள் கேட்பீர்கள். கித்தேரியம்மாள் அதையும் யோசித்திருந்தாள். கடைக்காரர்களின் எடைக்கல்லைச் சரிபார்த்து முத்திரை போட ஆள் வருவதில்லையா? அதுபோல ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில், இஞ்ஞாசி வருவார். ஆண்கள் உள்ளே வரக் கூடாது. ஆகவே ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு மூச்சைப் பிடிப்பார். உள்ளே பெண்கள் எல்லோரும் கூடவே பிடிப்பார்கள். யாருக்குக் கூடுதல், யாருக்குக் குறைச்சல் என்று பார்த்துத் திருத்திக்கொள்வார்கள். பாதியில் விட்டவளைப் பார்த்து இஞ்ஞாசி, "நீயெல்லாம் கடலுக்கு வந்தா நத்த கூட கெடைக்காது," என்பார்.

ஜெபசெல்வி மட்டும் அதற்கு வந்ததே இல்லை. ஞாயிறு சாயங்காலம் கோயிலில் வாலிபப் பெண்கள் கூட்டம். சாத்தான்குளம் செல்வதுரை சாரின் மகள், கர்த்தருடைய நாளில் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் ஆண்பிள்ளையைப் பார்த்து மூச்சுப் பிடிப்பதாவது! அதற்குப் பதிலாக அவள் வாரநாட்களில் தனியாகப் பழகினாள். விடுதிக் குளியலறையில் வாளித் தண்ணீரில் முகத்தை அமுக்கிக்கொண்டு, நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதத்தை மனதுக்குள் சொல்லுவாள். முதல் மாதம் ஐந்து வசனத்துக்கே எழுந்துவிட்டவள், போகப்போக எட்டு, பத்து என்று முன்னேறினாள். எல்லாவற்றிலும் முதலாவதாக வருகிற பெண். இதிலும் முதலாவதாக வந்துகொண்டிருந்தாள். யாரும் கவனிக்கவில்லை.

1975 பிப்ரவரி. மெட்ராஸிலிருந்து தேர்வாளரம்மா சனிக்கிழமை வருகிறார் என்று உத்தரவு வந்தது. எல்லோர் நோட்டிலும் இருபது. ஜெபசெல்வியிடம் பத்தொன்பது. இருபதாவதாக வந்திருக்க வேண்டியவள் ஆஸ்பத்திரி வாசலில் குதிரைவண்டியிலேயே பெற்றுவிட்டாள். வண்டிக்காரர் பிடித்த பிள்ளையைத் தன் நோட்டில் எழுத ஜெபசெல்வியின் மனசாட்சி இடங்கொடுக்கவில்லை.

இதற்கிடையில் குலசேகரன்பட்டினம் துணைச் சுகாதார நிலையத்தில் அவளுக்கு வேலை உத்தரவே வந்துவிட்டது. திங்கட்கிழமை சான்றிதழோடு வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். அப்பாவிடமிருந்தும் கடிதம்: 'ஞாயிறு ஆராதனையில் நீ தேறியதற்காக ஸ்தோத்திரம் ஏறெடுக்கப் பாதிரி ஐயரிடம் சொல்லியாயிற்று. பாடகர் குழு ஒத்திகை பார்க்கிறது. நீ தேறிவிடு.'

கடிதத்தைப் படித்து அழுத பெண்ணைக் கித்தேரியம்மாள் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். வயிற்றில் ஒன்பதாவது.

"ஏளா, எதுக்கு அழுத? இருவதாவது என்னோடது. சனிக்கெழமைக்குள்ள தாரேன். எட்டுப் பெத்தவ சொல்லுதேன்."

"சொன்னா வருமாக்கா?"

"ஏன் வராது? என் வயித்துல கெடந்துட்டு என் பேச்சக் கேக்காம எங்க போவும்?"

பேச்சைக் கேட்கவில்லை. புதன்கிழமை கித்தேரியம்மாள் மாடிப்படியை நாற்பது தடவை ஏறி இறங்கினாள். பின்னாலேயே ஜெபசெல்வி கையைத் தேய்த்துக்கொண்டு ஏறி இறங்கினாள். வியாழன் கித்தேரியம்மாள் வார்டு முழுவதையும் பெருக்கினாள். வெள்ளி, தரையைத் துடைத்தாள். வார்டு பளபளத்தது. தேர்வாளர் வருகிறார் என்பதற்காகத்தான் சாமான் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது என்று அற்புதமணி சிஸ்டர் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வலி எடுத்தது. தேர்வாளரம்மா பதினொரு மணிக்கு நோட்டுகளை மூடிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலுக்குப் போவதாக ஏற்பாடு. மற்றப் பெண்கள் வாய்மொழிப் பரீட்சைக்கு வரிசையில் நின்றார்கள். சிஸ்டரும் அங்கேதான். பிரசவ அறையில் ஜெபசெல்வியும் கித்தேரியம்மாளும் மட்டும்.

முதல் வலி. ஜெபசெல்வி வயிற்றில் கை வைத்து மூச்சைப் பிடித்தாள். வலி அடங்கியபோது அவளிடம் இன்னும் பாதி மூச்சு மிச்சம் இருந்தது. அரை முங்கு என்று எழுதினாள். அடுத்ததும் அரை. ஒன்பதரைக்கும் அரை. பத்து மணிக்கு அரைக்கு ஒரு நூல் கூடுதல்.

"ஏளா செல்வி, நேரமாயிட்ட மாதிரி இருக்கு," என்றாள் கித்தேரியம்மாள்.

"இல்லக்கா. அரை முங்குதான். டீ குடிக்கலாம்."

"அரதானா? நல்லாப் பாத்தியா?"

"சுத்தமாப் பாத்தேன். மூக்கு வழியா விடவேயில்ல."

கித்தேரியம்மாளுக்கு உடம்பு ஒன்று சொன்னது. கணக்கு வேறொன்று சொன்னது. கணக்கோ அவளே கண்டுபிடித்தது. அதைப் பொய் என்று எப்படிச் சொல்லுவாள்? எட்டுப் பிள்ளை பெற்ற அனுபவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்து டீ குடித்தாள். பாதி டம்ளரில் அடுத்த வலி வந்தது. "அரைக்கே இந்தப் போடு போடுதே," என்று ஆச்சரியப்பட்டாள்.

இஞ்ஞாசியின் முங்கு ஒரு நிமிடம். ஜெபசெல்வியின் முங்கு, சங்கீத வசனங்களின் புண்ணியத்தால், ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்குப் போய்விட்டிருந்தது. முழு முங்கு வலியை அவள் அரை முங்கு என்று மணிமணியாக எழுதிக்கொண்டிருந்தாள்.

பத்தே முக்காலுக்குத் தேர்வாளரம்மா, வாய்மொழிப் பரீட்சையை முடித்துக்கொண்டு, அற்புதமணி சிஸ்டரோடு வார்டைப் பார்வையிட வந்தார். பட்டுச் சேலை. கையில் தங்கக் கடிகாரம். பிரசவ அறைக் கதவைத் திறந்தால், ஒரு மாணவி கண்ணை மூடிக் கன்னத்தை உப்பிக்கொண்டு சிலைபோல் நிற்கிறாள்.

"இந்தப் பெண்ணுக்கு என்ன?"

ஜெபசெல்வி மூச்சை விடவில்லை. ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம்.

"சிஸ்டர், நான் கேட்டால் இவள் விரலைக் காட்டுகிறாளே!"

அப்போது கட்டிலிலிருந்து கித்தேரியம்மாள், மிகவும் மரியாதையாக, "மேடம், கொஞ்சம் இங்கன கைய நீட்டுங்க," என்றாள்.

தேர்வாளரம்மா அலுவலகத்தில் பல வருடம் இருந்தவர். யாராவது கையை நீட்டுங்கள் என்றால் காகிதம் ஏதோ தருகிறார்கள் என்று நீட்டிப் பழக்கம். நீட்டினார். பெண் குழந்தை.

குழந்தை வீறிட்டது. ஜெபசெல்வி மூச்சை விட்டாள். "முக்கால் முங்கு," என்று அறிவித்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள். தேர்வாளரம்மாவின் பட்டுச் சேலை மடியில் தன்னுடைய இருபதாவது கேஸ் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

அதற்குப் பிறகு நடந்த வாக்குவாதம் தாயும் குழந்தையும் நலமாக இருக்கும்போதே நடந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். தேர்வாளரம்மா பதினெட்டு வருடமாகப் பிள்ளை பிடித்ததில்லை. கை மறக்கவில்லை என்பதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆனால் நோட்டு என்று வந்ததும் முகம் மாறியது.

"பிடித்தது நான். இவள் பிடித்ததாகக் கையெழுத்துப் போடமாட்டேன்."

ஜெபசெல்வி சுவரைப் பிடித்துக்கொண்டாள். சாத்தான்குளத்துப் பாடகர் குழு அவள் காதில் பாடிக்கொண்டிருந்தது.

கித்தேரியம்மாள் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினாள். "ஏம்மா, நச்சுக்கொடி இன்னும் உள்ளதான கெடக்கு? அது வராம பிரசவம் முடிஞ்சிச்சின்னு எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு?"

தேர்வாளரம்மா அற்புதமணி சிஸ்டரைப் பார்த்தார். புத்தகத்தில் அப்படிப் போடவில்லை என்று சிஸ்டர் ஒப்புக்கொண்டார்.

"அப்போ அத அந்தப் பிள்ளக்கிக் குடுங்க. பாதி ஒங்களுது, பாதி அவளுது."

ஜெபசெல்வி வந்து நின்றாள். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றில் வைத்தாள். கொடியை இழுக்கவில்லை. காத்திருந்தாள். தேர்வாளரம்மா ரயிலை நினைத்துக் காலை மாற்றி மாற்றி நின்றார். ஜெபசெல்வி அசையவில்லை. வயிறு கெட்டியாகி, கொடி தானாக நீண்டதும், பதமாக வாங்கித் தட்டில் விரித்து, விளிம்பெல்லாம் தடவிப் பார்த்து, "முழுசா வந்திருக்கு, குறையில்லை," என்றாள்.

"அவசரப்பட்டு இழுக்கக் கூடாது என்று யார் சொல்லிக்கொடுத்தது? சிஸ்டரா?"

ஜெபசெல்வி பொய் சொல்லத் தெரியாதவள். கட்டிலைக் காட்டினாள்.

"நங்கூரம் மாதிரிம்மா," என்றாள் கித்தேரியம்மாள். "மண்ண விட்டாத்தான் வரும். முன்னாடியே இழுத்தா கயிறுதான் அறும்."

தேர்வாளரம்மா நோட்டை வாங்கி, தங்கக் கடிகாரத்தைப் பார்த்து, பேனாவைத் திறந்து, 'பத்தொன்பதரை' என்று எழுத்தால் எழுதி, எண்ணாலும் எழுதிக் கையெழுத்திட்டார். கீழே ஒரு குறிப்பு: 'மீதி அரைப் பிரசவத்தைப் பணியில் சேர்ந்தபின் செய்து காட்டவேண்டும். அதுவரை பணி தற்காலிகம்.'

ஞாயிற்றுக்கிழமை சாத்தான்குளத்தில் ஸ்தோத்திரம் நடந்தது. இருபதுக்குப் பத்தொன்பதரை என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழரை, முதல் வகுப்பு என்று செல்வதுரை சார் கோயில் வாசலில் எல்லோருக்கும் கணக்குப் போட்டுக் காட்டினார்.

இப்போது குலசேகரன்பட்டினத்தில் ஜெபசெல்விக்கு இரண்டு வருடம் ஆகிறது. நான் போனபோது துணை நிலைய வாசலில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் நல்ல பெயர். கை சூடான நர்ஸம்மா என்கிறார்கள். அப்பா வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் கட்டியிருக்கிறாள்.

இருநூற்றுப் பதினாலு பிரசவம் பார்த்துவிட்டாள். எல்லாம் முழுப் பிரசவம். அதுதான் சங்கடம். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு பாக்கியைத் தீர்க்கும்படி மெட்ராஸுக்கு எழுதினாள். 'முழுப் பிரசவத்தை அரைப் பிரசவத்துக்கு ஈடாக ஏற்க விதியில்லை' என்று பதில் வந்தது. பெரியதாழைக்குப் போய்க் கித்தேரியம்மாளைக் கேட்டாள். "ஏளா, ஒம்பதோட நிறுத்தியாச்சி. அரைக்கின்னு ஒண்ணு பெறச் சொல்லுதியா?" என்று அவள் கோபித்துக்கொண்டாள்.

போன தசராவுக்கு ஒரு வழி பிறந்தது. கூட்டத்தில் நெரிந்து வந்த பஸ் ஒன்று துணை நிலையத்தின் முன்னால் நின்றது. உள்ளே ஒரு பெண்ணுக்குப் பிரசவம். பிள்ளையைக் கண்டக்டர் துண்டில் ஏந்திவிட்டார். நச்சுக்கொடி மட்டும் பாக்கி. ஜெபசெல்வி தன் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக ஓடியதில்லையாம். சரியாக அரைப் பிரசவம்! அன்றைக்கே மெட்ராஸுக்கு எழுதினாள். ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் மற்ற அரையைப் பார்த்தவர் தன் பங்கை ஒப்புக்கொண்டு இந்தப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்று பதில் வந்தது.

படிவத்தை என்னிடம் காட்டினாள். எட்டு மாதமாகக் கண்டக்டர் கையெழுத்துப் போடவில்லை. பஸ்ஸை நிலையத்துப் பக்கம் நிறுத்துவதையே விட்டுவிட்டாராம். பெயரைப் பார்த்தேன். சங்கரபாண்டியன்.

படிவத்தை வாங்கிக்கொண்டு டீக்கடைக்கு வந்தேன். அதே பெஞ்சு. அவர் பாதி டீயைக் கீழே வைத்துவிட்டுப் படிவத்தைத் தொடாமலே பார்த்தார்.

"போட்டுருங்க அண்ணாச்சி. அந்தப் பிள்ளைக்கு வேலை நிரந்தரமாகும்."

"அந்தப் பிள்ள நல்ல பிள்ள. இல்லங்கல. ஆனா நீரு அந்த ரிஜிஸ்தரப் பாத்தீருல்லா?"

"பார்த்தேன்."

"அப்புறம் எந்தத் தைரியத்துல கேக்குதீரு? இன்னிக்கி நா கையெழுத்துப் போட்டா, நாளைக்கி எலும்புக்கூட்டுக்கும் கித்தேரியம்மாளுக்கும் கீழ என்னையும் எழுதிப்புடுவானுவ."

விசில் ஊதிவிட்டுப் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். படிவம் என் பையிலேயே இருக்கிறது.